சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் எந்த ரசாயனத்துக்கு முதலில் பயப்படுவது?

கேள்வி இது: "மகளுக்கு ஒன்றரை வயது. வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் பார்த்தால் வீட்டில் எதையுமே தொட முடியாது போலிருக்கிறது. நான்ஸ்டிக், பிளாஸ்டிக், ஷாம்பு, பினாயில் எல்லாமே விஷம் என்கிறார்கள். கணவர் 'டாக்ஸின் ஃப்ரீ' என்று எழுதிய ஒரு பெட்டியைப் பெரிய விலைக்கு ஆர்டர் செய்யப் பார்க்கிறார். அத்தையோ, நாங்களெல்லாம் இயற்கையாகத்தான் வளர்த்தோம், பழைய முறைக்கே போய்விடு என்கிறார். எதில் தொடங்குவது? குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை ஏதாவது செய்ய வேண்டுமா?"

அந்தப் பெட்டியை இப்போதைக்கு வாங்க வேண்டாம். அதில் வருவது பெரும்பாலும் ஷாம்பு, லோஷன், தரை துடைக்கும் திரவம். உங்கள் மகளுக்கு ஆபத்து அதிகம் இருக்கிற இடத்தை அந்தப் பெட்டி தொடுவதே இல்லை. நான் மருத்துவர் இல்லை, வேதியியல் படித்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். ஒரு பொருள் விஷமா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தால் பயம்தான் மிஞ்சும். எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை நாளாக என்று கேட்டால் எதை முதலில் கவனிப்பது என்று தெரிந்துவிடும். ஒரு மடக்கிலேயே உயிரை எடுப்பவை முதலில். வருடக்கணக்கில் மூளையைக் கெடுப்பவை அடுத்து. தினமும் மூச்சில் போகிறவை அதற்குப் பிறகு. வாட்ஸ்அப்பில் அதிகம் அடிபடும் நான்ஸ்டிக்கும் பிளாஸ்டிக் டப்பாவும் வரிசையின் கடைசியில்.

குளியலறையிலிருந்து ஆரம்பியுங்கள். தெருவில் வண்டியில் "ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர்" என்று கூவி விற்பவரிடம் வாங்கிய பாட்டில் இருக்கிறதா? அது பெரும்பாலும் பழைய தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ அடைத்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். லேபிள் கிடையாது, எத்தனை சதவீதம் என்று விற்பவருக்கே தெரியாது. ஆசிட் வீச்சு வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சில்லறை ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்த பிறகும் தெருவில் கிடைக்கத்தான் செய்கிறது. தண்ணீர் பாட்டிலில் இருப்பதைக் குழந்தை தண்ணீர் என்றுதான் நினைக்கும். மண்ணெண்ணெய், தின்னர், டர்பன்டைன் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்கு வயிற்றைவிட நுரையீரலில்தான் சேதம் அதிகம். குடிக்கும்போது புரையேறி நுரையீரலுக்குள் போகிறது, வாந்தி எடுக்க வைத்தால் இரண்டாவது முறையும் போகிறது. ஆகவே ஒரே ஒரு சட்டம் வையுங்கள்: குடிக்கும் பாட்டிலில் குடிக்கக் கூடாத எதுவும் இந்த வீட்டில் இருக்காது. வேலைக்கு வரும் அக்காவிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று கலப்பது. கறை போகவில்லை என்று டாய்லெட் கிளீனரை ஊற்றிவிட்டு, மேலே பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறவர்கள் நிறையப் பேர். அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு. ஜன்னல் இல்லாத குளியலறையில் நாலு நிமிடம் நின்று தேய்ப்பவர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போக அது போதும். மூக்கு எரிந்தால் சுத்தம் செய்து முடித்துவிடலாம் என்று நிற்காமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும். பிளீச்சுடன் வினிகரைக் கலந்தாலும் குளோரின்தான், அம்மோனியா சேர்ந்த கண்ணாடி கிளீனரைக் கலந்தால் குளோரமின் என்ற இன்னொரு நச்சு வாயு. யூடியூபில் எல்லோரும் கலக்கிக் காட்டும் வினிகர், சோடா உப்பு ஜோடியால் ஆபத்து இல்லை. நுரைத்து அடங்கியதும் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர், அதனால் பயனும் பெரிதாக இல்லை. மூடிய பாட்டிலில் கலந்துவைத்தால் மட்டும் வெடிக்கும்.

அடுத்தது பீரோவும் பூஜை அலமாரியும். அந்துருண்டை, பாச்சை உருண்டை என்று சொல்கிறோமே, அது நாஃப்தலீன். வெள்ளையாக, மிட்டாய் போல இருப்பதால் வாயில் போட்டுக்கொள்வது ஒரு ஆபத்து. அதைவிடக் கவனிக்காமல் விடுவது துணி. பாட்டியின் பழைய நூல் புடவையை பீரோவிலிருந்து எடுத்து அப்படியே தூளி கட்டுகிறோம். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் நம் நாட்டில் அரிதில்லை. அந்தக் குழந்தைகளுக்கு, துணியில் ஏறியிருக்கும் நாஃப்தலீன் ஆவியே சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். உடம்பில் எண்ணெய் தடவியிருந்தால் இன்னும் எளிதாகத் தோல் வழியே இறங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2008-லேயே வீட்டு உபயோகத்துக்கான நாஃப்தலீன் உருண்டைகளை நிறுத்திவிட்டது. நீங்களும் நிறுத்திவிடலாம். துணியை நன்றாக வெயிலில் காயவைத்து மடித்தால் பூச்சி அவ்வளவாக அண்டாது. ஏற்கெனவே உருண்டை போட்ட துணியைத் துவைத்து வெயிலில் போடாமல் குழந்தைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

கற்பூரத்தைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டும். உங்கள் மகள் வயதுக் குழந்தைகளில் ஒரு கிராம் அளவே உயிரைப் பறித்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. விழுங்கிய சில நிமிடங்களில் வலிப்பு வரலாம், அதுதான் இதில் கொடுமை. சளிக்குக் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவுவதும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வேண்டாம், தோல் வழியாகவும் ஏறும். கற்பூர டப்பா சாமி படத்துக்குக் கீழே, குழந்தையின் கை எட்டும் உயரத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது. மேலே ஏற்றிவிடுங்கள். தாத்தா பாட்டி யாராவது வெற்றிலை போடுபவராக இருந்தால், சுண்ணாம்பு பாக்கெட்டும் டியூபும் கூட மேலே போகட்டும். குழந்தை அழுத்தி விளையாடும்போது வெடித்துக் கண்ணில் தெறித்தால் கருவிழி வெந்துவிடும். அப்படி நடந்தால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிய பிறகுதான் ஆட்டோ பிடிக்க வேண்டும்.

கரப்பானுக்குக் கோடு போடும் சாக்பீஸ் பூச்சிக்கொல்லிதான், குழந்தை கண்ணுக்கு அது வெறும் சாக்பீஸ். எலி மருந்து விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன்: குழந்தை இருக்கும் வீட்டுக்குள் பேஸ்ட்டும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம், கூண்டு வையுங்கள். 2024 நவம்பரில் சென்னை குன்றத்தூர் பக்கம் எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். யாரும் எதையும் தின்னவில்லை, மூச்சில் போனதுதான். அரிசி மூட்டையில் வண்டு வராமலிருக்கச் சிலர் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையும் ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற கொடிய வாயுவாக மாறும். வண்டு விழுந்த அரிசியைப் புடைத்துக்கொள்ளலாம். பூச்சி மருந்துப் பெட்டிகளில் சாய்சதுர வடிவில் ஒரு வண்ண முத்திரை இருக்கும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை, விஷத்தில் குறைந்தது என்று மட்டும்தான். சட்டப்படி போட்டாக வேண்டிய முத்திரை அது. அது இல்லாத பூச்சி மருந்தை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

இனி ஈயம். நீங்கள் கேட்காதது இது. ஆனால் நான் பக்கம் பக்கமாக எழுத நினைப்பது இதைப் பற்றித்தான், ஏனென்றால் இது சத்தமே போடாது. காய்ச்சல் வராது, வாந்தி வராது. படிப்பில் கொஞ்சம் மந்தம், ஒரு இடத்தில் உட்கார முடியாத சுபாவம், அவ்வளவுதான் வெளியே தெரியும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. யுனிசெஃப் 2020-ல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் சுமார் 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருக்கிறது, அவர்களில் 27 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவில். சென்னையிலேயே 2005, 2006-ல் 3 முதல் 7 வயது வரையான 756 பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். சராசரி 11.4 மைக்ரோகிராம். ஈயம் கூடக் கூடக் கவனக் குறைவும் துறுதுறுப்பும் கூடியதை அந்த ஆய்வு காட்டியது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நாடு முழுக்க நின்றுபோய்ச் சில வருடங்கள் கழித்து எடுத்த கணக்கு இது. மிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு பகுதி வீட்டுக்குள்ளிருந்துதான்.

முதலில் சமையலறை. ஈயச்சொம்பு ரசத்தின் வாசனை எனக்கும் பிடிக்கும். அந்தச் சொம்பு சுத்தமான வெள்ளீயத்தில், அதாவது டின் என்ற வேறு உலோகத்தில், செய்ததாக இருக்க வேண்டும். காரீயம் (இதுவரை ஈயம் என்று நான் சொன்ன லெட் இதுதான்) மலிவு என்பதால் கலப்படம் நடக்கிறது, புளியும் தக்காளியும் சேர்ந்த சூடான ரசம் அதைக் கரைத்துக்கொள்ள ஏற்ற கரைசல். பார்த்தோ தட்டியோ கண்டுபிடிக்க முடியாது. தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி உள்ள கடையில் கேட்டுப் பாருங்கள், பல கருவிகள் உலோகக் கலவையில் காரீயம் இருந்தால் காட்டிவிடும். தெரியாத சொம்பானால் ஷோகேசில் வைத்துவிடுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் எதைப் பூசுகிறார் என்பதிலும் இதே கேள்வி உண்டு. இண்டாலியம் சட்டிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய உலோகத் துண்டுகளை உருக்கி வார்க்கும்போது காரீயமும் கலந்துவிடுகிறது. இந்தியாவிலிருந்து போன இப்படிப்பட்ட பாத்திரங்களிலிருந்து உணவில் ஈயம் இறங்குவதாக அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025-ல் எச்சரிக்கை விட்டது. குழம்பு, ரசம், புளிக்காய்ச்சல் எல்லாம் எவர்சில்வரிலோ மண்சட்டியிலோ இரும்பிலோ செய்தால் இந்தத் தலைவலியே இல்லை.

மஞ்சள் தூள் பற்றி வங்கதேசத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏன் இவ்வளவு இருக்கிறது என்று ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேடிப் போனபோது வந்து நின்ற இடம் மஞ்சள் தூள். விரலி மஞ்சள் பளீரென்று தெரிய, லெட் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியைப் போட்டு மெருகேற்றியிருக்கிறார்கள். 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு வழக்குப் போட்டு, செய்தித்தாளில் எழுதி, ஆலைகளைச் சோதித்த பிறகு 2021-ல் அது பூஜ்யமானது. இரண்டே வருடம்! ரசாயன ஆபத்துக் கதைகளில் இப்படி நல்லபடியாக முடிவது அபூர்வம். நமக்கான பாடம், கண்ணைப் பறிக்கும் மஞ்சளைச் சந்தேகப்படுவது. மெருகேற்றாத, மங்கலான விரலியை வாங்கிக் காயவைத்து அரைத்துக்கொள்ளுங்கள்.

குங்குமம் என்று கடையில் விற்கும் எல்லாமே மஞ்சளிலிருந்து வந்ததில்லை. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வாங்கிய செந்தூரப் பொடிகளைச் சோதித்து 2017-ல் வந்த ஆய்வில் பெரும்பாலானவற்றில் ஈயம் இருந்தது, சிலவற்றில் மிக மிக அதிகமாக. நெற்றியில் வைப்பதைவிட, குழந்தை அதைத் தொட்டு விரலை வாயில் வைப்பதுதான் சிக்கல். விளக்குப் புகையில் வீட்டில் செய்த கண்மையில் ஈயம் கிடையாது, அது வெறும் கரி. கல்லை அரைத்துச் செய்யும் சுர்மா வேறு, அந்தக் கல் பல நேரம் ஈயத்தின் தாதுவேதான். அதைக் குழந்தையின் கண்ணில் இடவே கூடாது. பெயிண்டைப் பொறுத்தவரை, 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயிண்டில் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் சட்டம் இருக்கிறது. அதற்கு முன் அடித்த எனாமல் பெயிண்ட் உங்கள் ஜன்னல் கம்பியில் உரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். உரிந்திருந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள், அந்தத் தூசிதான் விஷம். நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள், வேலை முடியும்வரை குழந்தை பாட்டி வீட்டில் இருக்கட்டும். வீட்டில் யாராவது பேட்டரி, சால்டரிங் வேலைக்குப் போனால், வந்ததும் குளித்து உடை மாற்றிய பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும்.

புகைக்கு வருவோம். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெஷினில் மாட்டும் லிக்விடில் இந்தப் புகை இல்லை, ஆனாலும் அதில் இருப்பது டிரான்ஸ்ஃப்ளுத்ரின் போன்ற பூச்சிக்கொல்லிதான். கொசுவும் சும்மா விடாது, டெங்கு இருக்கிற ஊரில் கொசுவைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஜன்னலுக்கு வலை, படுக்கைக்கு வலை, சாயங்காலம் சீக்கிரமே ஜன்னல் சாத்துவது, இவற்றைச் செய்த பிறகும் வந்தால் குழந்தை உள்ளே இல்லாத நேரத்தில் லிக்விடைக் கொஞ்ச நேரம் போட்டு அணைத்துவிடுங்கள். குளித்த குழந்தையின் தலைக்குச் சாம்பிராணி காட்டுவது அத்தைக்கு மனசுக்கு நெருக்கமான விஷயமாக இருக்கலாம். சளி பிடிக்கக் கூடாது என்றுதான் செய்கிறார்கள், ஆனால் அந்தப் புகைதான் குழந்தையின் மூச்சுக்குழாயை உறுத்தும். நல்ல உலர்ந்த துண்டு போதும். ஊதுபத்தியும் கம்ப்யூட்டர் சாம்பிராணியும் பூஜை நேரத்துக்கு, ஜன்னலைத் திறந்துவைத்து.

பழைய முறைக்கே போய்விடலாமா? அத்தை சொல்வதில் பாதி சரி. பாலாடை, எவர்சில்வர் டம்ளர், இரும்புத் தோசைக்கல், வெயில், சீயக்காய் எல்லாம் நல்லவைதான். ஆனால் மரத்திலிருந்தும் கிழங்கிலிருந்தும் வருவதால் மட்டும் ஒன்று சாதுவாகிவிடாது. பிள்ளைக்கு வயிற்று வலி என்றால் வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுப்போம். வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் உண்டு, எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-லேயே உணவில் வசம்பைத் தடைசெய்தது. வேப்பெண்ணெய் இன்னும் மோசம். சின்ன உபாதைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் வாந்தி, வலிப்பு, ஈரல் கோளாறு என்று மருத்துவமனைக்கு வந்ததை மலேசிய மருத்துவர்கள் 1981-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். பூச்சிக்கு நல்லது, பிள்ளை வயிற்றுக்கு ஆகாது. "ஹெர்பல்" என்று பச்சை இலை படம் போட்ட பாட்டிலுக்கும் இதே அளவு மரியாதை கொடுத்தால் போதும்.

உங்களுக்காக ஒன்று. சிவப்பழகு கிரீம் எதையாவது ஊர் பேர் தெரியாத டப்பாவில் வாங்கிப் பூசுகிறீர்களா? பாதரசம் சேர்த்த கிரீம்கள் சீக்கிரமே நிறம் மாற்றிக் காட்டும், அதனால்தான் விற்கின்றன. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை ஒரே மருத்துவமனைக்கு ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோயோடு வந்த 15 பேரில் 13 பேர் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்கள். அம்மாவின் கன்னத்தில் பூசியது, அம்மா மேலேயே கிடக்கிற குழந்தைக்கும் போகும்.

பிளாஸ்டிக், நான்ஸ்டிக் இரண்டையும் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். சூடும் எண்ணெயும் பிளாஸ்டிக்கிலிருந்து வேண்டாததை இழுக்கும். ஆகவே சூடான சாம்பாரை, டீயைக் கவரில் கட்டிவாங்குவதை நிறுத்துங்கள். 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை இருந்தும் கடைக்காரர் கட்டித்தான் தருவார், தூக்குவாளி கொண்டுபோங்கள். ஆறிய பருப்பும் அரிசியும் இருக்கிற டப்பாக்களைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. நான்ஸ்டிக் தவாவை வெறுமனே அடுப்பில் காயவிடாதீர்கள், 260 டிகிரி தாண்டினால் பூச்சு சிதைய ஆரம்பிக்கும். தேய்ந்துபோனால் மாற்றுங்கள். இருக்கிறதை உடனே வீசிவிட்டுப் புதியது வாங்க வேண்டிய அவசரம் இதில் இல்லை.

தரை துடைக்கச் சோப்புத் தண்ணீரே போதும். கிருமிநாசினி, வாசனை, 99.9 சதவீதம் எதுவும் தினசரி தேவையில்லை. ஆனால் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், விளக்குமாறு மட்டும் போட்டால் தூசி எழுந்து திரும்ப உட்காரும். ஈயம், பூச்சி மருந்தின் மிச்சம், பிளாஸ்டிக்கிலிருந்து வருவது எல்லாமே கடைசியில் வீட்டுத் தூசியில்தான் சேர்கின்றன. உங்கள் மகள் அந்தத் தரையில் கையை ஊன்றி, அதே கையை வாயில் வைக்கிறாள். ஈரத் துடைப்பும் சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் அந்தப் பெட்டியில் உள்ள எல்லாவற்றையும்விட அதிகம் சாதிக்கும்.

ஏதாவது விழுங்கிவிட்டாள் என்று சந்தேகம் வந்தால்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக் கரைசல் எதுவும் புகட்டாதீர்கள். 108-ஐ அழையுங்கள், பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். டெல்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கியிருந்தால் காத்திருக்கவே கூடாது, உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் அரிக்க ஆரம்பித்துவிடும்.

ரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். "உடம்பில் உள்ள நச்சு எல்லாம்" பார்க்கிறோம் என்று பேக்கேஜ் விற்பவர்களிடம் போகாதீர்கள், ஏகப்பட்ட எண்கள் வரும், எதை வைத்தும் எதுவும் செய்ய முடியாது. ஈயம் ஒன்று மட்டும் பார்க்கலாம், அதுவும் உங்கள் வீட்டில் ஈயச்சொம்பு, இண்டாலியம், உரியும் பழைய பெயிண்ட், சுர்மா, பேட்டரி வேலை இவற்றில் ஏதாவது இருந்தால். கைநரம்பிலிருந்து எடுக்கும் ரத்தமாக இருக்கட்டும், விரல் நுனியில் தூசி ஒட்டியிருந்தால் அளவு தப்பாக வரும். 3.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் மற்ற குழந்தைகளைவிட அதிகம் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி கணக்கு வைத்திருக்கிறது. 5-ஐத் தொட்டால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்து கொடுத்து ஈயத்தை வெளியேற்றும் சிகிச்சை பொதுவாக 45-க்கு மேல்தான். அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு மருந்து, மூலத்தை அகற்றுவதுதான். கூடவே ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், இரும்புச்சத்து குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். கேழ்வரகு, கீரை, முட்டை, பருப்பு, கூடவே கொஞ்சம் எலுமிச்சையோ நெல்லிக்காயோ. அளவு அதிகமாக வந்தால் சொம்பையோ சட்டியையோ மாற்றிவிட்டு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதத்தில், மறுபடி எடுத்துப் பாருங்கள். ரத்தத்தில் இருக்கும் ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும்.